அப்பாவின் தட்டில் நான் ஊற்றியது

என் அப்பாவுக்கு நான் மாட்டெலும்புக் குழம்பை ஊற்றினேன்.

தெரியாமல் அல்ல. தெரிந்தே ஊற்றினேன்! வெள்ளிக்கிழமை, நெற்றி நிறையத் திருநீற்றோடு என் முன்னால் உட்கார்ந்திருந்த மனிதருக்கு. வாழ்நாளில் முட்டையைக்கூடத் தொடாதவருக்கு. ஒரு தடவை ஊற்றினேன். அவர் இன்னும் கொஞ்சம் கேட்டார்... இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

இத்தனை காலம் இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. என் முகமும் உங்களுக்குத் தெரியாது. அந்தத் துணிச்சலில்தான் சொல்கிறேன். கோழைக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

நீங்கள் சிரிக்கலாம். ஒரு கரண்டிக் குழம்புக்கா இவ்வளவு பெரிய பேச்சு என்று கேட்கலாம். அன்று காலைவரை நானும் அப்படிச் சிரித்தவள்தான். அதனால் உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

எழுபதுகளின் கடைசி அது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கேட்டரிங் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். நீண்ட விடுமுறை வந்தால் எங்களைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். 'பிராக்டிக்கல்' என்போம். தோழிகள் சிலருக்குப் பெரிய ஹோட்டல்கள் கிடைத்தன. எனக்குக் கிடைத்தது ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதிச் சமையற்கட்டு. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

எங்கள் வீடு பிரிக்பீல்ட்ஸில். அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர்; யாழ்ப்பாணத்துச் சைவர்; முறைப்படி தீட்சை பெற்றவர். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா போய்விட்டார். அதன்பிறகு வீட்டில் அப்பாவும் நானும்தான்.

அப்பா வெளியில் கை நனைக்க மாட்டார். கல்யாண வீட்டுக்குப் போவார், மணமக்களை வாயார வாழ்த்துவார், பந்திக்கு இலை போடும் சத்தம் கேட்டதும் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார். "அந்த அகப்பை முந்தி எதுக்குள்ள போய் வந்ததோ, ஆருக்குத் தெரியும்?" என்பார். கிள்ளானில் அவருடைய சொந்தத் தம்பி மகளின் கல்யாணத்தில்கூட, வீட்டிலிருந்து கொண்டுபோன வாழைப்பழத்தைக் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தவர்.

அப்படிப்பட்டவர் என்னைச் சமையல் படிக்க விட்டார்! உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவரவர் பிள்ளைகள் டாக்டருக்கும் வக்கீலுக்கும் படித்துக்கொண்டிருந்தார்கள். "பிள்ளையைக் குசினி வேலைக்கோ படிக்க விட்டிருக்கிறியள்?" என்று கோயில் வாசலிலேயே கேட்டார்கள். "என்ர பிள்ளை ஆசைப்பட்டதைப் படிக்குது" என்று அப்பா அவர்கள் வாயை அடைத்தார். என்னிடம் தனியாக ஒன்று மட்டும் சொன்னார்.

"மற்றவைக்கு என்னத்தையும் சமை பிள்ளை. உன்ர வாயை மட்டும் நீ பார்த்துக்கொள்."

நான் பார்த்துக்கொண்ட லட்சணம்! ருசி பார்க்காமல் சமைக்க முடியாது என்று வகுப்பில் தொடங்கினேன். பிறகு வகுப்பு இல்லாத நாளிலும் ருசி பார்த்தேன். காஜாங்கில் தோழிகளோடு உட்கார்ந்து, குச்சியில் குத்திச் சுட்ட மாட்டிறைச்சிச் சாத்தேயை உருவி உருவித் தின்றேன். வீட்டுக்குள் நுழையும்முன் வாய் கொப்பளித்துவிட்டு ஏலக்காய் மென்றேன். போதாததற்கு, அப்பா பந்தி நேரத்தில் செருப்புத் தேடுவதைத் தோழிகளுக்கு நடித்துக் காட்டுவேன். அந்த நடை எனக்கு அச்சாக வரும். வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்... நானும் சிரிப்பேன்.

விடுதிச் சமையற்கட்டின் தலைமைச் சமையற்காரர் காதர் அண்ணன். பினாங்குத் தமிழ் முஸ்லிம். குரல் கொடுத்தால் கூடத்தின் கடைசி மேசைவரை கேட்கும். விடுதியில் தங்கிய இந்துப் பிள்ளைகளில் சிலர் சைவம். அவர்களுக்காகச் சமையற்கட்டில் ஒரு மூலையை அவர் ஒதுக்கி வைத்திருந்தார். சட்டி தனி, அகப்பை தனி, கழுவும் தொட்டிகூடத் தனி. அகப்பைப் பிடியில் பச்சைச் சாயம் பூசியிருக்கும். மலாய்ச் சமையற்காரர்கள்கூட அந்தப் பச்சையைக் கண்டால் கையை எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. "என்னண்ணே, அகப்பைக்கெல்லாம் ஜாதி வச்சிருக்கீங்க?" என்று ஒரு நாள் சீண்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஜாதி இல்லம்மா. நான் வெளியூர் போனா எவனோ ஒருத்தன் ஹலால்னு சொல்றத நம்பித்தானே சாப்பிடுறேன்? இந்தப் பிள்ளைங்க என் பேச்ச நம்பிச் சாப்பிடுது. அவ்வளவுதான்லா."

சரி, பெரியவர் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். பயிற்சியின் கடைசி நாட்களில் அந்தச் சைவ மூலையை முழுதாக என்னிடமே ஒப்படைத்தார்.

கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்று விசேஷச் சாப்பாடு. நெய்ச்சோறு, கோழி, டால்ச்சா. டால்ச்சா என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பருப்பும் கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு, எலும்போடு கொதிக்க வைக்கும் குழம்பு. காதர் அண்ணன் மாட்டெலும்பு போடுவார். அடுப்பில் அது கொதித்தால் கூடத்துக்கு வெளியே நிற்பவனுக்கும் பசிக்கும். என் மூலையில் நெய்ச்சோற்றுக்குக் கத்தரிக்காய் போட்ட பருப்புக் கறி. பார்வைக்கு இரண்டும் அக்கா தங்கைதான். ஒன்றில் எலும்பு உண்டு, மற்றதில் இல்லை.

எங்கள் விரிவுரையாளர் மிஸ் லிம் அன்று மதியம் மதிப்பிட வருவார். சிறப்பாகச் செய்தவளைப் பெரிய ஹோட்டல் ஒன்றுக்குச் சிபாரிசு செய்வதாகச் சொல்லியிருந்தார். அவரிடம் ஒரே ஒரு சட்டம்: பரிமாறும் நேரத்தில் எந்தப் பாத்திரமும் காலியாகக் கூடாது. காலியானால் அவள் சமையற்கட்டை நடத்தத் தகுதியில்லாதவள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சிறிய தேநீர் விருந்து, சான்றிதழ் கொடுப்பார்கள், வீட்டாரும் வரலாம். அப்பாவிடம் தேநீருக்கு வந்தால் போதும் என்றிருந்தேன்.

ஜும்மா தொழுகைக்கு ஆண்கள் எல்லாரும் கிளம்பினார்கள். தொழுகை முடிந்து வந்ததும்தான் பரிமாறல்.

"மகேஸ், அடுப்பப் பாத்துக்க. மத்தது எல்லாம் இறக்கியாச்சு. உன் பருப்பத்தான் கிண்டிக்கிட்டே இருக்கணும்" என்றார் காதர் அண்ணன்.

"பயப்படாம போங்கண்ணே. பருப்பு எனக்கு ஒரு பெரிய விஷயமா?"

வாய்! என் வாய்க்கு அன்று மட்டும் பூட்டு இருந்திருந்தால்...

அவர்கள் போனார்கள். என்னோடு பயிற்சி பெற்ற பெண்களில் ஒருத்தி கேமரா கொண்டு வந்திருந்தாள். கடைசி நாளாயிற்றே! வெளியே மரத்தடியில் படம் பிடிக்கலாம் என்று கூப்பிட்டாள். ஒரே ஒரு படம் என்றுதான் போனேன். தனியாக ஒன்று, சேர்ந்து ஒன்று, கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்று... மூக்கில் வாடை ஏறியபோதுதான் எனக்குப் பருப்பு ஞாபகம் வந்தது.

ஓடினேன். சட்டியின் அடி கரியாகியிருந்தது. மேலாக இருந்ததை அள்ளிப் பார்த்தேன். வரிசையில் முதலில் வருபவர்களுக்கே போதாது. புதிதாகப் பருப்பு வேக வைக்க நேரமில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள்கள் திரும்பும் சத்தம் கேட்டது. 

பக்கத்தில் டால்ச்சா அண்டா ததும்பிக்கொண்டிருந்தது. அதே மஞ்சள். அதே கத்தரிக்காய்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'அண்ணே, தீய்ந்துபோச்சு' என்று சொல்லியிருக்க வேண்டும். சைவப் பிள்ளைகள் அன்று தயிரும் ஊறுகாயும் வைத்துச் சாப்பிட்டிருப்பார்கள். எனக்கு ஹோட்டல் கிடைத்திருக்காது. அவ்வளவுதானே? உலகமா கவிழ்ந்திருக்கும்?

நான் வடிகட்டியை எடுத்தேன்.

டால்ச்சாவை வடித்தேன். எலும்பை ஒதுக்கினேன், இறைச்சித் துணுக்கை ஒதுக்கினேன், தீயாத பருப்போடு கலந்தேன். பச்சைப் பிடி அகப்பையால்தான் கலந்தேன்! கடுகும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். நான் அவர்களைவிடக் கெட்டிக்காரி. ஒரு துணுக்கும் வெளியே தெரியவில்லை.

யாருக்குத் தெரியப்போகிறது, தெரியாமல் சாப்பிட்டால் பாவமா என்ன... இப்படித்தான் அப்போது எனக்குள் ஓடியது.  

பரிமாறல் தொடங்கியது. சைவப் பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். சாப்பிட்டுப் போன ஒரு பெண் திரும்பி வந்து, "அக்கா, இன்னிக்குப் பருப்பு சூப்பர்லா! கொஞ்சம் கூடப் போடுங்க" என்று தட்டை நீட்டினாள். சிரித்துக்கொண்டே போட்டேன். மிஸ் லிம் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தார். என் மூலைக்கு வந்து தலையை அசைத்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அப்போதுதான் வாசலில் அப்பாவைப் பார்த்தேன்.

வெள்ளைச் சட்டை, குடை, தோளில் பை. பைக்குள் பிளாஸ்கில் காப்பியும் வாழைப்பழமும் இருக்கும். தேநீர் விருந்திலும் அவர் குடிக்கப்போவது அவருடைய காப்பியைத்தான்.

"வெள்ளனவே வந்திட்டன் பிள்ளை. நீ வேலை செய்யிற இடத்தையும் ஒருக்காப் பார்ப்பம் எண்டு."

காதர் அண்ணன் விட்டாரா? ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். "மகேஸ் அப்பாவா? வாங்க அங்கிள், வாங்க! சாப்பிட்டுத்தான் போகணும்."

"குறை நினைக்காதேங்கோ தம்பி. நான் வெளியில சாப்பிடுறதில்லை."

எனக்கு உயிர் வந்தது. அப்பாவின் அந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேலி செய்திருப்பேன்! அன்று அதைக் கேட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. ஆனால் காதர் அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும் அங்கிள், மகேஸ் சொல்லியிருக்கு. இங்க சைவச் சட்டி தனி, அகப்பை தனி. எங்க ஆளுங்க ஒருத்தரும் தொட மாட்டாங்க. அல்லா மேல ஆணையா சொல்றேன். அதுவும் இன்னிக்கு எல்லாம் உங்க மக கையால சமைச்சது."

அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஆவலை நான் அதுவரை பார்த்ததில்லை.

"நீயோ சமைச்சனீ?"

இங்கேதான் நீங்கள் என்னை நன்றாகப் பார்க்க வேண்டும். நான் எதையும் ஒப்புக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. 'விடுங்கண்ணே, அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை விரதம்' என்று ஒரு வார்த்தை போதும்! யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அந்த ஒரு வார்த்தையைக்கூட நான் சொல்லவில்லை. ஏன்? மிஸ் லிம் பக்கத்தில் நின்று புன்னகைத்துக்கொண்டிருந்தார். அதிர்ச்சியில் என் நாக்கு புரளவில்லை. இரண்டும் உண்மை. மூன்றாவது ஒன்றும் உண்டு. சொல்லவே கூசுகிறது... என் அப்பா ஒரு தடவையாவது நாலு பேர் முன்னால் உட்கார்ந்து நான் சமைத்ததைச் சாப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

"ஓம் அப்பா. நான்தான்."

"அப்ப கொஞ்சம் சாப்பிடுறன். என்ர பிள்ளை சமைச்சது வெளிச்சாப்பாடு இல்லைத்தானே."

கை கழுவிவிட்டு வந்தார். உட்கார்ந்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். நான் சோறு வைத்தேன். பச்சைப் பிடி அகப்பையால் ஊற்றினேன். பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார். மெல்வதை நிறுத்தினார். 

"உன்ர அம்மாவின்ர பருப்பு மாதிரியே இருக்கு பிள்ளை."

அவர் கண் கலங்கியிருந்தது.

"அதுக்கு மேலயும் என்னவோ ஒரு ருசி... இன்னும் கொஞ்சம் விடு."

விட்டேன். அவர் வழித்துச் சாப்பிட்டார். பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கணத்தில் கூரை இடிந்து என்மேல் விழுந்திருக்கலாம். ஒன்றும் விழவில்லை. கூடத்தில் எல்லாரும் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தேநீர் விருந்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். மிஸ் லிம் என் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார். அப்பா கைதட்டினார். பையை எடுத்துக்கொள்ளச் சமையற்கட்டுக்குள் போனேன். சைவத் தொட்டியின் முன்னால் காதர் அண்ணன் பச்சைப் பிடி அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆறிப்போன அகப்பையில் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. பருப்பில் அப்படி உறையாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

என்னைப் பார்த்தார். அந்தப் பெரிய குரலைக் காணோம்.

"மகேஸ்... அல்லா மேல ஆணைன்னு உங்கப்பாகிட்ட நான் சொன்னேனேம்மா."

நான் அழுதேன். அண்ணே, அண்ணே என்பதைத் தவிர வேறு ஒன்றும் வரவில்லை. அவர் அகப்பையைக் கீழே வைத்தார்.

"நான் போய் அவர்கிட்ட எப்படிச் சொல்வேன்? அந்த மனுசன் தாங்க மாட்டாரு. நீதான் சொல்லணும். எப்பவாவது சொல்லிடு."

சட்டியையும் அகப்பையையும் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். குப்பைத் தொட்டியில் அவை விழும் சத்தம் கேட்டது. அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை. பார்க்கப் போகவில்லை என்று சொல்வதுதான் சரி.

பஸ்ஸில் அப்பா என் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். டிக்கெட் கிழித்தவரிடம்கூட, "என்ர மகள். இண்டைக்கு அவள் சமைச்சுத்தான் அவ்வளவு பேரும் சாப்பிட்டவை" என்றார்.

எனக்கு ஹோட்டல் வேலை கிடைத்தது. அப்பாவுக்கு ஒரு பெருமை கிடைத்தது. கோயிலில், கல்யாண வீட்டில், சாவு வீட்டில்கூட அதையே சொன்னார்: வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் வெளியில் கை நனைத்தாராம், அதுவும் மகள் சமைத்ததால்தானாம். குசினி வேலை என்று கேலி செய்த அதே உறவுக்காரர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் நின்றேன்.

சொல்லிவிட முயன்றேன், நம்புங்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவர் பூசையறையிலிருந்து வந்ததும், "அப்பா, உங்களுக்கு ஒண்டு சொல்லோணும்" என்று தொடங்கினேன். "என்ன பிள்ளை, மாப்பிள்ளை பார்த்திட்டியோ?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அத்தோடு போயிற்று.

அதன்பிறகு நான் மாமிசத்தைத் தொடவில்லை. இதைத் தவம் என்று நினைத்துவிடாதீர்கள். தொண்டையில் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுவில் அப்பாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. புண் ஆறவில்லை. பால் குடித்தால் வாந்தி. பருப்புத் தண்ணீர் தங்கவில்லை. உடம்பு துணிபோல ஆகிவிட்டது. டாக்டர் ஒரு தமிழர்தான். என்னை வெளியே அழைத்துச் சொன்னார். "முட்டையோ, கோழிச் சாறோ, ஏதாவது உள்ள போனாத்தான் தெம்பு வரும். கட்டாயம் பிழைச்சிடுவாருன்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்படியே விட்டா கஷ்டம். நீங்க பேசிப் பாருங்க."

போத்தலில் விற்கும் கோழிச் சாற்றை வாங்கி வந்தேன். இங்கே நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பழத்தோடு வாங்கிப் போவார்களே, அதுதான். மருந்து என்று நினைத்துக் குடியுங்கள் என்று கெஞ்சினேன். அப்பா தலையை ஆட்டினார்.

"ஒருநாளும் தொட்டதில்லை பிள்ளை. போற நேரத்தில ஏன்?"

அவரைக் குடிக்க வைக்கும் வாக்கியம் ஒன்று என் வாயில் இருந்தது. 'அப்பா, நீங்கள் தொட்டிருக்கிறீர்கள். நான்தான் தந்தேன்.' அதைச் சொல்லியிருந்தால் காக்க வேண்டியது இனி ஒன்றுமில்லை என்று அந்தச் சாற்றை வாங்கிக் குடித்திருப்பாரா? இன்னும் சில காலம் இருந்திருப்பாரா? அல்லது அந்த அதிர்ச்சியே அவரைக் கொன்றிருக்குமா? எனக்குத் தெரியாது... இன்றுவரை தெரியாது!

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்ர கையால ஒரு பிழையும் வராது எண்டு எனக்குத் தெரியும். நினைவு தப்பினாப் பிறகும் ஆரும் எனக்கு அதைப் பருக்க விடாதை. என்னைச் சுத்தமா அனுப்பிவிடு பிள்ளை."

"ஓம் அப்பா" என்றேன்.

அவரைக் காப்பாற்றவா அப்படிச் சொன்னேன், என்னைக் காப்பாற்றவா? 'அப்பாவின் மனம் உடையக் கூடாது என்றுதான்' என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது அந்தச் சமாதானம். ஆனால் அந்தக் கடைசி மதியம் அதைப் பொய்யாக்கிவிட்டது.

அன்று மதியம் அவர் மூச்சு நின்றது. நர்ஸ் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டாள். எல்லாவற்றையும் சொல்வதாகத்தானே உங்களிடம் தொடங்கினேன்? இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. 'இனி அப்பாவுக்குத் தெரியவே தெரியாது' என்று ஒரு நிம்மதி வந்தது... அதுதான் முதலில் வந்தது!

அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.